உப்பிலி எழுதிய உத்தரவு

கடற்கரையோரத் தாலுகா அலுவலகம் ஒன்றில் உப்பிலி பதினேழு வருஷமாகக் கோர்ட் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே எனக்கும் ஒரு நோட்டீஸ் வரும். கோர்ட் சீட் என்பது பெரிய பதவி ஒன்றும் இல்லை. தாசில்தார் மேல் யார் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போட்டாலும் அந்தக் காகிதம் வந்து விழுகிற மேஜை, அவ்வளவுதான். பதில் எழுத வேண்டியவர் மேஜைக்காரர். கையெழுத்து மட்டும் தாசில்தாருடையது.

பட்டா சீட்டுக்கும் சான்றிதழ் சீட்டுக்கும் ஆள் பிடித்து, சிபாரிசு பிடித்து வருவார்கள். இந்தச் சீட்டுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். உப்பிலியை முதலில் ஒரு தண்டனையாகத்தான் அங்கே தூக்கிப் போட்டார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் திருவிடந்தையில் பஸ் ஏறும்போதே அன்றைக்கு எழுத வேண்டிய பத்திகள் தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். கழித்துப்போட்ட காகிதங்களின் பின்பக்கத்தில் முதலில் பேனாவால் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார், அப்புறம்தான் டைப்புக்குக் கொடுப்பார். அவருடைய குடும்பம் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்த குடும்பம். அப்பாவுக்குக் கையில் தளிகை வந்தது, பிள்ளைக்கு டிராப்ட் வந்திருக்கிறது என்று அவர் மனைவி பர்வதம் கேலி செய்வாள். கேலிதான் என்றாலும் உப்பிலிக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பதினேழு வருஷத்தில் பதினொரு தாசில்தார்கள் வந்து போனார்கள். ஒருவர்கூட அவமதிப்பு வழக்கில் கோர்ட்டில் தலைகுனிந்து நின்றதில்லை. ஹைகோர்ட் ஒன்றைச் செய் என்று சொல்லி, சொன்ன கெடுவுக்குள் அதிகாரி செய்யாவிட்டால் போடுவது அவமதிப்பு வழக்கு. அலுவலகத்தில் அதைக் 'கண்டெம்ப்ட்' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே தாசில்தார்களுக்குச் சோறு இறங்காது. மற்ற வழக்குகளில் பதவியின் மேல்தான் வழக்கு. இதில் ஆளின் பெயரைப் போட்டே கூப்பிடுவார்கள், நேரில் வந்து நிற்கச் சொல்வார்கள். அப்படி ஒன்று வந்தால் உப்பிலியைக் கூப்பிடுங்கள் என்று பக்கத்துத் தாலுகாக்களிலிருந்தும் ஆள் வரும்.

கண்ணாயிரம் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அறுபது வயது இருக்கும். ஈசிஆர் ரோட்டிலிருந்து மேற்கே அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவருக்கு நிலம், நிலத்திலேயே வீடு. வேர்க்கடலையும் தர்பூசணியும் போடுகிறவர். ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு வண்டிப்பாதை இருந்தது. நடுவில் இருந்த நிலத்தையெல்லாம் யாரோ சென்னைக்காரர்கள் வாங்கி ஒரு ரிசார்ட் கட்டினார்கள். கட்டினவர்கள் பாதையையும் சேர்த்து மதில் போட்டுவிட்டார்கள். இப்போது வீட்டுக்குப் போக வர வரப்புதான். ஒரு ஆள் நடக்கலாம். சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடலையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். கண்ணாயிரத்துக்குப் பிரச்சினை கடலை அல்ல, அவர் சம்சாரம். வேண்டா என்று பெயர். அந்த அம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பாதை இருந்தபோது ஆட்டோ வாசலுக்கே வந்தது. மதில் எழுந்த பிறகு, வீங்கிப்போன காலோடு அந்த அம்மாள் வரப்பில் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. கண்ணாயிரம் தூக்கிக்கொண்டு வருவார்.

மனுக் கொடுத்தார். சர்வேயர் வந்து பார்த்தார், போனார். மறுபடி மனுக் கொடுத்தார். கடைசியில் யாரோ சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார். அவருடைய மனுவை விசாரித்து எட்டு வாரத்துக்குள் தகுந்த உத்தரவு போட வேண்டும் என்று கோர்ட் தாசில்தாருக்குச் சொன்னது. அந்தக் காகிதத்தைப் பாலிதீன் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எட்டு வாரம் போயிற்று. எட்டு மாதமும் போயிற்று. வாரந்தவறாமல் வருவார், வராண்டாவில் நிற்பார், நாளைக்கு வா என்பார்கள், போய்விடுவார். கோபித்துக்கொள்ளவே தெரியாத மனிதர். எனக்கு அவரைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது.

உப்பிலி அவரை வராண்டாவில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கார்த்திகை மாதத்து மழையில் ஒரு காலை, பஸ்ஸின் ஜன்னல் வழியாக, ரிசார்ட் மதிலை ஒட்டிய நிறுத்தத்தில் கண்ணாயிரம் நிற்பதைக் கண்டார். தொடை வரைக்கும் சேறு. இரண்டு கையிலும் வேண்டா. அந்த அம்மாள் தலைக்கு மேல் ஒரு உரச்சாக்கைக் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிற்காமல் போய்விட்டது. உப்பிலிக்கு அன்று முழுக்க ஒரு வரி ஓடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டீக்கடையில் கண்ணாயிரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, முப்பத்தொரு வருஷ சர்வீஸில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். "நான் சொன்னேன்னு சொல்லாதே. இங்கே சும்மா வந்து நின்னா ஒண்ணும் நகராது. கண்டெம்ப்ட் போடு. கெடு தாண்டி ஒரு வருஷம் முடியறதுக்குள்ளே போடணும், அப்புறம் செல்லாது."

கண்ணாயிரம் தயங்கினார். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. ஜெயிலெல்லாம் இல்லை, பயத்தில் வேலை நடக்கும் என்று உப்பிலி விளக்கினார். அன்றிலிருந்து அவருக்கு உப்பிலி 'சாமி' ஆனார்.

இரண்டு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. வர வேண்டிய மேஜைக்கே வந்தது. உறையைப் பிரித்தபோது உப்பிலிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிலிருந்த பெயர் ரேணுகா. எட்டு மாதம் கோப்பின் மேல் உட்கார்ந்திருந்த பழைய தாசில்தார் மாற்றலில் போய்விட்டார். ரேணுகா வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது, நேர்மையான பெண், முதல் தாசில்தார் வேலை. நோட்டீஸைப் படித்துவிட்டு, தன்னைக் கூண்டில் ஏற்றிவிடுவார்களா என்று உப்பிலியிடம் கேட்டாள்.

உப்பிலி அவளைச் சமாதானப்படுத்தினார். வழி எளிது என்றார். சர்வேக்காரர்கள் வரைந்த பழைய புலப்படத்தில் அந்த வண்டிப்பாதை புள்ளிக்கோடாகத் தெளிவாக இருக்கிறது. நிலங்களை விற்று வாங்கி உட்பிரிவு செய்தபோது புதிய படத்தில் அதை விட்டுவிட்டார்கள். பாதையைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, அதைக் கோர்ட்டில் காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. அப்படியே குறிப்பு எழுதிக் கோப்பை வைத்தார். ரேணுகாவும் சரி என்றாள்.

கோப்பு மேலே போயிற்று. மேலே என்றால் எங்கே, யார் என்று எனக்கும் தெரியாது. அங்கே போய்விட்டு வந்த கோப்புகளுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் ரேணுகாவுக்கு ஒரு போன் வந்தது. அவள் நின்றுகொண்டே பேசினாள். பேசி முடித்து உப்பிலியை உள்ளே அழைத்தாள்.

"ரிஜெக்ட் பண்ணச் சொல்றாங்க சார். ஹியரிங்குக்கு முன்னாடி ஆர்டர் கையில இருக்கணுமாம். உத்தரவு போடுன்னுதான் கோர்ட் சொல்லுச்சு, திறந்துவிடுன்னு சொல்லலையேன்னு கேக்கறாங்க."

அதில் தப்பே சொல்ல முடியாது. கோர்ட் சொன்னது அதைத்தான். உத்தரவு என்று ஒன்று போட்டாகிவிட்டால் கோர்ட்டை அவமதிக்கவில்லை. அது சாதகமாக இருந்தாலும் ஒன்றுதான், பாதகமாக இருந்தாலும் ஒன்றுதான். இந்த உபாயத்தை உப்பிலியே எத்தனையோ முறை கையாண்டிருக்கிறார். அன்றைக்கு வரை அது ஒரு உபாயமாகத்தான் தெரிந்தது.

ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம் இருந்தது. முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பழைய கோப்பைத் தோண்டி ஒரு மெமோ கொடுப்பார்கள். ஓய்வு பெறும் நாளன்று ஓய்வு கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். அவர் எழுதாவிட்டால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுதுவார். வேலை நிற்காது. இதையெல்லாம் பர்வதத்திடம் சொன்னபோது அவள் சாதம் போட்டுக்கொண்டே, "நீங்க எழுதலேன்னா அந்த அம்மாவுக்குப் பாதை கிடைச்சுடுமா?" என்று கேட்டாள். கிடைக்காது என்றார்.

அப்போதும் உப்பிலி மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். இது சிவில் விவகாரம், மனுதாரர் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என்று அரைப் பக்கத்தில் சப்பையாக ஒரு உத்தரவு. கண்டெம்ப்ட் முடிந்துவிடும், ரேணுகா தப்பித்துவிடுவாள். கண்ணாயிரம் அப்பீல் போனால் அந்த அரைப் பக்கம் ஒரு நிமிஷம்கூட நிற்காது. நல்ல கணக்குத்தான். ஹியரிங்குக்கு ஆறு நாள் இருந்தது. எழுதி முடிக்க அரை மணி நேரம் போதும்.

ஆனால் அவரால் அரைப் பக்கத்தில் நிறுத்த முடியவில்லை. பதினேழு வருஷப் பழக்கம். எழுதுவதற்கு முன்னால் அந்த சர்வே எண்ணில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் அவருக்குப் பேனா ஓடாது. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று ரெக்கார்டு ரூமுக்குப் போனார். இரண்டு நாள் தூசியில் உட்கார்ந்தார். மூன்றாவது காகிதக் கட்டுக்குள் அது கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில், கண்ணாயிரத்தின் தகப்பனார் கொடுத்த ஒரு மனு. பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிக் குறுக்கிக்கொண்டே வருகிறான், தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதில் ஒரு வரி: 'எங்கள் நிலத்துக்குப் போக வர இந்த வரப்பைத் தவிர எங்களுக்கு வேறு வழி ஏதும் கிடையாது.'

மனு எழுதும்போது எல்லோரும் எழுதுகிற வரிதான் அது. வரப்பு போய்விட்டால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்கிற மாதிரி எழுதினால்தான் அதிகாரி திரும்பிப் பார்ப்பார் என்று, பாதையில் தினம் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் கூட்டி எழுதியிருக்கிறார். உப்பிலிக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அந்த வரியைக் கண்டதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று நினைத்தார். அந்த நிமிஷத்தில் கண்ணாயிரமும் இல்லை, வேண்டாவும் இல்லை. அந்தக் காகிதமும் அவரும்தான் இருந்தார்கள். அந்த மனுவை மூடித் திரும்பக் கட்டிவிட்டு வந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற மாட்டேன் என்கிறது.

உத்தரவு போடுவதற்கு முன்னால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ரிசார்ட் பக்கமிருந்து ஒரு மானேஜர் வந்தார். கண்ணாயிரம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உப்பிலி எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளை ரேணுகா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஐந்தாவது கேள்வியில் அந்தப் பழைய மனுவை நீட்டி, இது உங்கள் தகப்பனார் கையெழுத்தா என்றாள்.

கண்ணாயிரம் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "எங்க நைனாவுதுதாம்மா. இப்டித்தான் கோணையா போடுவாரு. அவரு கையால எழுதுனது வூட்ல ஒண்ணுமே இல்ல. இத்த ஒரு ஜெராக்ஸு குடுப்பீங்களா சாமி?"

வாக்குமூலத்தில் 'மேற்படி மனு என் தகப்பனாருடையது என ஒப்புக்கொள்கிறேன்' என்று உப்பிலி எழுதினார். கண்ணாயிரம் கையெழுத்துப் போட்டார். ஜெராக்ஸும் கொடுக்கப்பட்டது. அதைப் பாலிதீன் கவருக்குள் கோர்ட் காகிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உத்தரவு நாலு பக்கம் வந்தது. ஏழாவது பத்தியில் அந்த வரி. மனுதாரரின் குடும்பமே முப்பது வருஷத்துக்கு முன்பு வரப்பைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது, மனுதாரரும் அதை விசாரணையில் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே பாதை என்ற ஒன்று அனுபவத்தில் இருந்ததில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. அரசு வக்கீல் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு உத்தரவை இந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை என்று போனில் பாராட்டினார். உப்பிலி நன்றி சொன்னார். போனை வைத்த பிறகுதான் தான் செய்து வைத்திருப்பது என்ன என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் ரேணுகாவின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்து கோப்பு சென்னைக்குப் போய்விட்டிருந்தது.

கோர்ட்டில் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. தாமதத்துக்கு நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கிறேன் என்று ரேணுகா கைகூப்பி நின்றாள். உத்தரவு போடப்பட்டுவிட்டது என்று பதிவு செய்து, ஆட்சேபனை இருந்தால் மனுதாரர் அதன் மேல் முறையீடு செய்துகொள்ளலாம் என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார்கள். பின் வரிசையில் கண்ணாயிரம் நின்றிருந்தார். அவருடைய வக்கீலுக்கு அடுத்த கோர்ட்டில் வேறொரு வழக்கு. உத்தரவு வந்துவிட்டது, நகல் வாங்கிப் படித்துவிட்டுப் பேசுவோம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஓடினார். கண்ணாயிரம் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். தாசில்தார் அம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்கிற பக்கம் தோற்றது என்று நம்மில் யார்தான் நினைக்க மாட்டோம்?

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அலுவலக வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் வேண்டா சாய்ந்திருந்தாள். அன்று ஆஸ்பத்திரி நாள். கண்ணாயிரம் ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையோடு உப்பிலியின் மேஜைக்கு வந்தார்.

"ஆர்டரு வந்துட்ச்சாமே சாமி. என்னிக்கி மதிலு இடிக்கிறாங்கோ? வேண்டாவும் உன்ன ஒருவாட்டி பாக்கணும்னுச்சு, அத்த ஆட்டோவுல ஒக்கார வச்சிட்டு வந்துகீறேன்."

உப்பிலி நகலை எடுத்தார். தபாலில் போனால் இன்னும் நாலு நாளில் அவரே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வார். எடுத்தது எடுத்தாயிற்று என்று முதல் பத்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஏழாவது பத்தியையும் விடவில்லை. கடைசி வரி வரை படித்து முடித்தார்.

கண்ணாயிரம் அதிர்ந்துபோய்க் கத்தவெல்லாம் இல்லை. நைனா அப்படி எழுதினது பக்கத்துக்காரன் வரப்பை வெட்டினானே, அதற்காக என்று மெதுவாக விளக்கினார். உப்பிலிக்குத் தெரியாததை எடுத்துச் சொல்வது போல, பொறுமையாகச் சொன்னார். அப்புறம், அப்பீல் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை நீயே எழுதிக் கொடுத்துவிடு, உன் எழுத்தை யாராலும் அசைக்க முடியாது என்று ஊரில் சொல்கிறார்கள் என்றார்.

"இதை எழுதினதே நான்தான் கண்ணாயிரம்."

பக்கத்துச் சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாயிரம் மேஜைமேல் இருந்த நாலு பக்கத்தையும் பார்த்தார், உப்பிலியையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தை உப்பிலி தேடினார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நீதான் சாமி சொல்லணும். இத்த எங்க ஒடைக்கிறது?"

உப்பிலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இந்தத் தடவை எதிர்த்தரப்பு ஆள் படிப்பது மாதிரி, ஒவ்வொரு வரியாகத் தட்டித் தட்டிப் படித்தார். பழைய புலப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது பத்தியில் அதைச் சொல்லி, அதற்குப் பதிலும் சொல்லியிருந்தது. விசாரணை முறையாக நடக்கவில்லை என்று சொல்லலாமா என்று பார்த்தார். நோட்டீஸ் கொடுத்த தேதி, வாங்கிக்கொண்ட கையெழுத்து, எல்லாம் இருந்தது. ஏழாவது பத்தியை மூன்று தடவை படித்தார். அதற்கு ஆதாரமாக வாக்குமூலத்தில் கண்ணாயிரமே ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்து நின்றது. பதினேழு வருஷத்தில் எத்தனையோ பேருடைய உத்தரவுகளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்ன மனிதர். இதில் ஒரு ஊசி நுழைய இடமில்லை.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பதினொன்றரைக்குள் போகாவிட்டால் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"எங்கேயும் இல்லே," என்றார் உப்பிலி.

கண்ணாயிரம் நகலை மடித்துக் கவருக்குள் வைத்தார். கடலைப் பையை மேஜையிலேயே விட்டுவிட்டு நடந்தார். உப்பிலியின் மேஜை ஜன்னலோரம். வாசலில் பேசுவது கேட்கும். சாமி இன்னா சொன்னாரு என்று வேண்டா கேட்டாள். கண்ணாயிரம் அவள் காலைத் தூக்கி ஆட்டோவுக்குள் சரியாக வைத்தார், சேலை சக்கரத்தில் மாட்டாமல் ஒதுக்கிவிட்டார், பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ஆர்டரு ரொம்ப நல்லா எழுதிகீதாம்," என்றார்.